14 வருடம் கொட்டிலில் நின்ற மொறிஸ் மைனரை 4 லட்சத்துக்குள் ஓட வைக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். அப்பப்பாவின் 1959 மொறிஸ் மைனர், உரும்பிராயில் வீட்டுக்குப் பின்னால் கொட்டிலில் 14 வருடமாக நிற்கிறது, பின் சீற்றில் கோழி அடைகிடக்கிறது, கையில் 4 லட்சம் ரூபாய் இருக்கிறது, ஒரு கராச்சில் கேட்டால் 15 லட்சம் என்கிறார்கள், அதனால் இந்தச் சனிக்கிழமை ஒரு பற்றறியும் இரண்டு லீற்றர் பெற்றோலும் கொண்டுபோய் ஸ்ராட் பண்ணிப் பார்க்கப்போகிறேன், சரிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. சனிக்கிழமை கட்டாயம் போங்கள், ஆனால் பற்றறியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால் அதே வேலையைச் செய்து மாட்டியவன் நான். 2012இல் என் பெரியப்பாவின் மைனரை, அதுவும் உங்களுடையதைப் போல 948 சிசிதான், ஒரு ஞாயிறு காலையில் இரவல் பற்றறியோடு ஸ்ராட் பண்ணினேன். மூன்றாவது இழுவையில் பிடித்தது. அந்த நேரத்துச் சந்தோசத்தில் மனிசனுக்கு மூளை வேலை செய்யாது. நின்ற இடத்தில் பிறேக்கை மிதித்துப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது, போதும் என்று ஒழுங்கையில் இறக்கிவிட்டேன். இரண்டாவது முடக்கில் மிதித்தபோது கால் நேரே தரையில் போய் முட்டியது. கைப்பிறேக் கம்பி எந்தக் காலத்திலோ கறள் பிடித்து இறுகிப்போயிருந்தது. பக்கத்து வீட்டு மாஸ்டரின் கிடுகு வேலிதான் என்னை நிறுத்தியது. அடுத்த வருடம் அவர் அதே இடத்தில் மதில் கட்டினார், என்னால்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதற்கு முதல் வாரம்தான் ஒரு கராச்சில் 'பிறேக் எல்லாம் பார்த்தாச்சு' என்று காசு வாங்கியிருந்தார்கள். பார்த்தது என்றால் பிறேக் ஓயில் ஊற்றியது மட்டும்.

ஆகவே என் பதில் முழுக்க ஒழுங்குமுறை பற்றியதுதான். எந்த வேலை முதலில், எது பிறகு என்பதில்தான் 4 லட்சத்துக்கும் 15 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இருக்கிறது. மிச்சப் பாதி பெயின்ற், சீற் துணி, நிக்கல் பூச்சு. கராச்காரர் உங்களிடம் பொய் சொல்லவில்லை, அவர் புதுக்காராக்கித் தரும் விலையைச் சொன்னார், நீங்கள் ஓடுகிற காரைக் கேட்டீர்கள். ஓடுகிற கார் பார்க்க அலங்கோலமாக இருக்கலாம். என்னுடையது மூன்று வருடம் இரண்டு நிறத்தில் ஓடியது.

ஒரு சதம் செலவழிக்க முதல் வாகனப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள செஸி இலக்கமும் இஞ்சின் இலக்கமும் காரில் உள்ளவையும் ஒன்றா என்று பாருங்கள். இஞ்சின் இலக்கம் டைனமோ பூட்டியிருக்கும் தாங்கிக்கு மேலே, புளொக்கில் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும், கறுப்பு ஓயில் படிந்திருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். யாழ்ப்பாணத்தில் 90களில் கிடைத்த இஞ்சினைக் கிடைத்த காரில் தூக்கிப் போட்டுத்தான் ஓடினார்கள், அதனால் இலக்கம் பொருந்தாமல் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், ஆனால் அதைப் புத்தகத்தில் திருத்தாமல் முன்னே போக வேண்டாம். புத்தகம் இன்னும் அப்பப்பாவின் பெயரில் இருக்கிறது என்றால் அத்தைமார், சித்தப்பாமார் எல்லாருடைய சம்மதமும் தேவைப்படும். கார் கொட்டிலில் கிடக்கும்வரை யாருக்கும் அது வேண்டாம், மினுங்கத் தொடங்கினால் எல்லாருக்கும் பங்கு ஞாபகம் வரும். இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். விட்டுப்போன வருடங்களின் வருமான அனுமதிப்பத்திரத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் பிரதேச செயலகத்தில் கேட்டு உங்கள் 4 லட்சத்தில் முதலிலேயே கழித்துவிடுங்கள்.

அடுத்தது உடம்பு. மைனருக்குத் தனியாக ஒரு செஸி சட்டம் கிடையாது, உடம்புதான் சட்டம். இதுதான் மைனரில் காசு தின்னும் இடம், மற்றதெல்லாம் கழற்றிப் பூட்டும் சாமான். முன் சீற்றுகளுக்கு அடியில் குறுக்கே ஒரு பெட்டி வடிவத் தகடு போகும். முன் சில்லுகளைத் தாங்குகிற ரோர்ஷன் பார், அதாவது நீளமான முறுக்குக் கம்பி, பின்பக்கம் வந்து முடிவது அந்தக் குறுக்குத் தகட்டில்தான். அது கறளாகி இளகினால் முன்பக்கம் முழுக்கச் சரிந்துவிடும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, பின் வில்லுத் தகடுகளின் முன்முனை பூட்டியிருக்கும் இடம், ஜக் வைக்கும் இடம், இவற்றையும் பாருங்கள். பார்ப்பது என்றால் கண்ணால் அல்ல. ஒரு பழைய ஸ்குரூ டிறைவரும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கீழே படுத்துத் தட்டிக்கொண்டே போங்கள், நல்ல தகடு 'டங்' என்னும், உக்கிய தகடு 'தொப்' என்னும், பட்டி, அதாவது ஓட்டையை மூடும் பசை, அப்பிய இடம் ஒரு சத்தமும் போடாது. ஸ்குரூ டிறைவர் உள்ளே போகிற இடத்தைச் சோக்கால் வட்டம் போடுங்கள். எல்லாம் முடிந்து வெளியே வந்து வட்டங்களை எண்ணினால் உங்கள் வரவுசெலவுத் திட்டம் தெரிந்துவிடும். படுக்க முதல் தடியால் நாலு தட்டுத் தட்டுங்கள், 14 வருடக் கொட்டிலில் சாரை இல்லாமல் இருக்காது.

உரும்பிராய் என்பது உங்கள் அதிர்ஷ்டம். இதே கார் குருநகரிலோ பாசையூரிலோ பருத்தித்துறைக் கரையிலோ நின்றிருந்தால் நான் இந்தப் பதிலை எழுதவே யோசித்திருப்பேன், உப்புக்காற்று தகட்டை உள்ளிருந்து தின்னும். செம்மண் பக்கத்தில் கூரைக்குக் கீழே நின்ற கார் அவ்வளவு மோசமாகாது. மூன்று நாலு வட்டங்கள் என்றால் வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்டிவிடலாம். குறுக்குத் தகடு முழுக்கப் போய்விட்டது, இரண்டு பக்கப் பெட்டியும் இல்லை என்றால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு நிறுத்துங்கள், அது 4 லட்சத்து வேலையில்லை. எக்காரணம் கொண்டும் பைபரும் பட்டியும் வைத்துச் சட்டத்தை மூடச் சம்மதிக்காதீர்கள். மட்காட்டில் பட்டி இருந்தால் அழகுக் குறைவு, அவ்வளவுதான். சட்டத்தில் பட்டி இருந்தால் அது சவப்பெட்டி.

உடம்பு தப்பியது என்று வைத்துக்கொள்வோம். இப்போது முதல் காசு பிறேக்குக்கு. மைனரின் மாஸ்டர் சிலிண்டர், அதாவது நீங்கள் மிதிக்கும் அழுத்தத்தை எல்லாச் சில்லுக்கும் அனுப்பும் சிலிண்டர், சாரதியின் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில், சட்டத்துக்குள்ளே ஒளிந்திருக்கிறது. ஓயில் ஊற்றுவதற்குக் கம்பளத்தை விலக்கி ஒரு சின்ன மூடியைத் திறக்க வேண்டும். அதைக் கழற்றலாம் என்று போனால் நான் மேலே சொன்ன ரோர்ஷன் பார் போல்ற்றுக்குக் குறுக்கே நிற்கும். அதனால்தான் பல மெக்கானிக்மார் அதைத் தொடாமல் மேலாலே ஓயில் விட்டுவிட்டு 'பார்த்தாச்சு' என்பார்கள். வேலி விசயத்துக்குப் பிறகு நான் என்னுடையதைக் கழற்ற ஒன்றரை நாள் பிடித்தது. உள்ளே இருந்த இறப்பரை எடுத்து விரலால் நசித்தபோது அது மையாக வந்தது, சிலிண்டருக்குள் மாபிள் குண்டு அளவுக்குக் கறள் கட்டி. அந்தப் பிறேக்கில்தான் ஓடியிருக்கிறேன்.

1959 காரில் எல்லாச் சில்லுக்கும் ஒரே ஒரு குழாய்ச் சுற்றுத்தான், ஓர் இடத்தில் உடைந்தால் நாலு சில்லுக்கும் பிறேக் இல்லை. ஆகவே இதில் அரைகுறை வேலை கிடையாது. முன் சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு சின்னச் சிலிண்டர், பின் சில்லுக்கு ஒவ்வொன்று, மொத்தம் ஆறு. மூன்று இறப்பர்க் குழாய். இரும்புக் குழாய்கள் முழுவதும். எல்லாவற்றையும் மாற்றுங்கள். இரும்புக் குழாய்க்குப் பதிலாக நிக்கல் கலந்த செப்புக் குழாய் போட்டால் எங்கள் காற்றுக்குக் கறள் பிடிக்காது. மாஸ்டர் சிலிண்டர் புதிது கிடைக்காவிட்டால், நல்ல லேத் பட்டறையில் துளையைப் பெருப்பித்துத் துருப்பிடிக்காத உருக்கில் உள்ளுறை போட்டுத் தருவார்கள், அதற்குள் புது இறப்பர் போடலாம். கைப்பிறேக் கம்பிகள் இரண்டையும் மறக்க வேண்டாம், வேலியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா.

அப்புறம் முன் சில்லு. மைனரின் முன் சில்லைத் தாங்கும் செங்குத்துக் கால் மேலும் கீழும் மரையிட்ட கட்டைகளில் சுழல்கிறது. அதற்குக் கிறீஸ் அடிக்க நிப்பிள் இருக்கிறது, அடிக்காமல் விட்டால் கீழ்க் கட்டையின் மரை தேய்ந்து ஒருநாள் கழன்று சில்லு மட்காட்டுக்குள் மடிந்து விழும், கார் மூக்குக் குப்புற நிற்கும். பெரும்பாலும் முடக்கில் மெதுவாகத் திருப்பும்போது நடக்கும் என்பதுதான் ஒரே ஆறுதல். காரை ஜக்கில் தூக்கிச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டாலும் பழைய கிறீஸ் கல்லாகியிருக்கும், புதுக் கிறீஸ் மறுபக்கத்தால் பிதுங்கி வரும்வரை அடியுங்கள், பிறகு 1000 மைலுக்கு ஒரு தரம். ரயரில் பூ நிறைய இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பூவைப் பார்க்க வேண்டாம், பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த ரயர். அதைக் கயிறு கட்டி மாமரத்தில் ஊஞ்சல் போடுங்கள். நாலு ரயரும் நாலு ரியூப்பும் புதிது.

இதுவரைக்கும் இஞ்சின் பக்கமே போகவில்லை, கவனித்தீர்களா. இனிப் போகலாம், ஆனால் இன்னும் ஸ்ராட் இல்லை.

எங்கள் ஊரில் ஒரு காரின் முதல் எதிரி எங்கள் கிணறு. சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வரும் தண்ணீர், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு றேடியேற்றரிலும் புளொக்குக்குள்ளும் படியும். ஓடிய காலம் முழுக்க அதைத்தான் ஊற்றியிருப்பார்கள். றேடியேற்றரின் கீழ்க் குழாயைக் கழற்றி வடியவிடுங்கள், பிறகு புளொக்கின் பக்கத்தில் உள்ள சின்னப் பித்தளைத் திருகியைத் திறவுங்கள். என்னுடையதைத் திறந்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. சைக்கிள் கம்பியை உள்ளே விட்டுக் கிண்டினேன், முதலில் உதிர்ந்த சுண்ணாம்பு, பிறகு கறளும் மண்ணும் கலந்த சேறு, அதற்குப் பிறகுதான் தண்ணீர். அந்த நிலையில் ஓடியிருந்தால் நாலாவது சிலிண்டர் வெந்து ஹெட் கஸ்கெற் போயிருக்கும். எலுமிச்சை உப்பு என்று கடையில் விற்கும் சிற்றிக் அமிலத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து விட்டு வைத்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று தரம், கடைசியில் வெறும் தண்ணீரால் நன்றாக அலசுங்கள். இனிமேல் அந்தக் காருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. மாரியில் கூரைத் தண்ணீர் பிடித்து வையுங்கள், அல்லது பற்றறிக்கு விடும் தண்ணீரில் கூலன்ற் கலந்து விடுங்கள். தெர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடாகாது என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். புளொக் சுத்தமாக இருந்தால் அதைக் கழற்றத் தேவையே இல்லை, கழற்றினால் இஞ்சின் எப்போதும் குளிரில் ஓடித் தேயும்.

அடுத்து, அந்தக் கார் 90களில் ஓடியதா என்று வீட்டில் கேளுங்கள். ஓடியது என்றால் மண்ணெண்ணெயில்தான் ஓடியிருக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சின்னப் போத்தலில் இருக்கும் பெற்றோலைக் காபுறேற்றருக்குள் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியவர்கள் நாங்கள். அழுத்த விகிதம் குறைந்த இந்தப் பழைய இங்கிலாந்து இஞ்சின்கள் அதையும் குடித்துக்கொண்டு ஓடின, அதனால்தான் ஒஸ்ரினும் மைனரும் இங்கே இவ்வளவு காலம் உயிரோடு இருந்தன. ஆனால் முழுக்க ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஓயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி இஞ்சின் ஓயிலைத் தண்ணியாக்கும். ஓயில் கம்பியில் அளவு நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வந்தால் அதுதான் காரணம். அப்படி ஓடிய இஞ்சினில் றிங் தேய்ந்திருக்கும், கரி கட்டியிருக்கும். கொஞ்சம் நீலப்புகை வந்தால் பயந்து உடனே இஞ்சினைப் பிரிக்காதீர்கள். ஓடட்டும். இஞ்சின் பிரிப்பது என்று தொடங்கினால் உங்கள் காசு அதோடு சரி.

இப்போது எழுப்பும் முறை. நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு மேசைக்கரண்டி மெல்லிய ஓயில் விட்டு மூன்று நாள் விடுங்கள். பழைய இஞ்சின் ஓயிலை வடித்து, பில்ரர் மாற்றி, 20டபிள்யூ50 ஊற்றுங்கள். மைனருக்குக் கையால் சுற்றும் ஹாண்டில் இருக்கிறது, டிக்கியைக் கிளறுங்கள். பிளக் இல்லாமல் ஹாண்டிலால் மெதுவாகச் சுற்றுங்கள். இறுகியிருந்தால் பலம் பிரயோகிக்காமல் இன்னும் ஓயில் விட்டு இன்னும் ஒரு வாரம் காத்திருங்கள், 14 வருடம் பொறுத்தது ஒரு வாரம் பொறுக்காதா. சுற்ற ஆரம்பித்ததும் வால்வு இடைவெளி 12 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக்குக்கு மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் பொயின்ற் 15 தௌ, பிளக் 25 தௌ வையுங்கள். பொயின்ற்றைத் துடைத்து, புதுக் கொண்டென்சர் போடுங்கள்.

பெற்றோல் தாங்கிக்குள் இப்போது இருப்பது பெற்றோல் இல்லை, வார்னிஷ். கழற்றிக் கழுவுங்கள். இறப்பர்க் குழாய்கள் எல்லாம் புதிது, இதில் மிச்சம் பிடிக்கப் போனால் கார் எரியும். எஸ்யூ காபுறேற்றரின் மேல் மூடியைக் கழற்றி உள்ளே உள்ள பிஸ்ரனைத் தின்னரால் துடையுங்கள், மண்கடதாசி போட்டுத் தேய்க்காதீர்கள். திருப்பிப் பூட்டிவிட்டு விரலால் பிஸ்ரனைத் தூக்கி விடுங்கள், தங்குதடையில்லாமல் இறங்கி 'டொக்' என்று உட்கார வேண்டும். மேல் துளையில் கொஞ்சம் மெல்லிய ஓயில் விடுங்கள். மின்சாரப் பம்ப் சாவி போட்டதும் 'டிக் டிக்' என்று அடித்து நிற்க வேண்டும், அடிக்காவிட்டால் ஸ்பானரின் பிடியால் செல்லமாக ஒரு தட்டு. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, உடனே சாவியை அணையுங்கள்.

பற்றறி விசயத்தில் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. இந்தக் காரில் உடம்போடு பூட்டுவது பிளஸ், மைனஸ் அல்ல. எந்தப் புதுப் பெடியனும் பழக்க தோசத்தில் மாறிப் பூட்டுவான். யாராவது இடையில் மாற்றியிருக்கவும் கூடும், ஆகவே பழைய பற்றறி வயர்களை முதலில் பாருங்கள். துணி சுற்றிய வயர்களை எலி தின்றிருக்கும், முழுக் காருக்கும் இரண்டே இரண்டு பியூஸ்தான், அதனால் பற்றறி வயரில் மின்சாரத்தை முழுக்கத் துண்டிக்கும் ஒரு கட்டோப் சுவிச் போடுவது நல்லது. ஒரு தீயணைப்புக் குப்பியைக் கையருகே வைத்துக்கொண்டு, முதலில் பிளக் இல்லாமல் ஸ்ராட்டரை அடித்து ஓயில் விளக்கு அணையும்வரை சுற்றுங்கள். அணைந்ததும் பிளக்கைப் பூட்டி அடியுங்கள்.

சாமான் எங்கே என்றால், பொது விசயங்கள், ஹோஸ், பெயரிங், கிளாம்ப் எல்லாம் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் கிடைக்கும். மைனருக்கே உரியவற்றுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒருநாள் அலைய வேண்டும், பழைய சாமானைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். மைனரின் பெரிய நன்மை என்னவென்றால் 1971இல் உற்பத்தி முடியும்வரை 16 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள், இங்கிலாந்தில் இன்றைக்கும் அநேகமாக எல்லாச் சாமானும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். லண்டனிலிருந்து லீவில் வருகிற சொந்தக்காரருக்கு இப்போதே சொல்லி வையுங்கள், சொக்கிளேற் வேண்டாம், ஆறு வீல் சிலிண்டரும் ஒரு மாஸ்டர் கிற்றும் கொண்டுவரச் சொல்லி. இஞ்சின் சாமான் கேட்கும்போது மைனர் என்று மட்டும் கேட்காதீர்கள், ஒஸ்ரின் ஏ35, ஸ்பிறைற் கார்களின் பெயரிலும் கேளுங்கள், இஞ்சின் குடும்பம் ஒன்றுதான். பிஸ்ரன் வாங்கினால் மட்டும் கவனம், 1962க்குப் பிந்திய 1098 சிசி பிஸ்ரன் உங்கள் புளொக்குக்கு வராது.

கூலியில் மிச்சம் பிடிக்க வழி, அழுக்கு வேலை எல்லாம் உங்களுடையது. கழற்றுதல், கழுவுதல், கறள் சுரண்டுதல், தாங்கி சுத்தம் செய்தல். கழற்றும் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள், போல்ற்றுகளைப் பால்மா ரின்னில் பெயர் எழுதிப் போடுங்கள். ஒட்டு வேலை, லேத் வேலை, பிறேக் குழாய் முனை மடிப்பது, இந்த மூன்றுக்கும் கைதேர்ந்தவருக்குக் காசு கொடுங்கள். மொத்தமாக யாரிடமும் காரை விட்டுவிட்டு வராதீர்கள், கராச் மூலையில் போகும் கார் அங்கே இன்னொரு 14 வருடம் நிற்கும்.

முதல் ஓட்டம் வளவுக்குள். பிறகு ஒழுங்கை. பிறகு விடிய ஐந்தரைக்கு நல்லூர் போய் வரலாம், அதுவும் காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் கைக்கு வந்த பிறகு. எங்கள் நிலம் தட்டை, ஏற்ற இறக்கம் இல்லை, இந்தக் காருக்கு அதைவிட நல்ல ஊர் கிடையாது. பண்ணைப் பாலத்தில் படம் எடுக்க நிறுத்துகிற ஆசை வரும், எடுத்துவிட்டு வீட்டில் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இலக்கத்தகட்டைப் புதிதாக எழுதுவிக்க அவசரப்பட வேண்டாம், அதில் உள்ள சிங்கள ஸ்ரீ எழுத்தில்தான், உங்கள் கார் வர முதல் வருடம், 1958இல், எங்கள் ஆட்கள் எதிர்ப்பாகத் தார் பூசினார்கள், அந்தக் கதையின் எழுத்து உங்கள் தகட்டிலும் இருக்கிறது.

சனிக்கிழமை கொண்டுபோக வேண்டியவை: ஸ்குரூ டிறைவர், சுத்தியல், சோக், ரோர்ச் லைற், ஒரு பழைய சாக்கு. முதலில் கோழியை இறக்கி வேறு கூட்டில் விட்டுவிட்டுப் பின் சீற்றைத் தூக்குங்கள். வைக்கோலைக் கூட்டி எடுத்தால் தரைத் தகடு தெரியும், அதற்கு நேர் கீழேதான் பின் வில்லுத் தகடுகளின் முன்முனை பூட்டியிருக்கிறது, கோழி எச்சமும் ஈரமும் சேர்ந்து தின்ன வசதியான இடம். இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, அந்த இடத்தின் படத்தை அனுப்புங்கள். 15 லட்சமா 4 லட்சமா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.